ஈ பறந்த ஊர்

ஆற்காட்டில் ஏறி, பாலாற்றுப் பாலம் கடந்து
முத்துக்கடையில் இறங்கி
சிப்காட் ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாய்த் தொற்றினால்
எட்டு ஐம்பத்திரண்டுக்கு என் நாற்காலி.
எட்டு ஐம்பது என்று சொல்லலாம்.
எனக்கு அது பொய்.

எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன்.
தரகரிடம் அம்மா "ஷூ கம்பெனி" என்றதும்
"தைக்கற பொண்ணா?" என்றாராம்.
நான் தைப்பது காகிதம்.
இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில்
என்று ஒரு கப்பலுக்குப் பதினொரு தாள்.
பதினொன்றிலும் ஒரே எடை, ஒரே எண்ணிக்கை,
ஒரே கன்டெய்னர் எண்.
ஒரு புள்ளி இடம் மாறினால்
ஹாம்பர்க்கில் யாரோ தலையாட்டிவிடுவான்,
இங்கே முதலாளிக்குத் தூக்கம் போகும்.

வேலை கேட்டு வந்த அன்று பெஞ்சமின் சார்
இரண்டு தாள் கொடுத்து வித்தியாசம் தேடச் சொன்னார்.
எட்டு என்றேன்.
"ஏழுதான் வெச்சேன்" என்றார்.
எட்டாவதைக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
"திங்கக்கிழமை வந்துடு."

இது வரமில்லை.
சித்தி மகள் பத்திரிகையைப் பிரித்தால்
மணமக்கள் பெயருக்கு முன்பே
பத்தொன்பதாம் தேதி வெள்ளியல்ல, சனி
என்பதுதான் தெரிகிறது.
சொன்னதற்கு
இன்றுவரை அவள் பேசவில்லை.

போன மாதம் வங்கியிலிருந்து கடன் கடிதம் வந்தது.
எங்கள் ஊர்ப்பெயரின் ஆங்கிலத்தில்
ஈ பறந்துபோய்
அந்த இடத்தில் ஏ உட்கார்ந்திருந்தது.
ராணிபட்.
திருத்தம் கேட்டால் தொண்ணூறு டாலர், நாலு நாள்.
கப்பல் வியாழன்.
"லெட்டர்ல இன்னா இருக்குதோ அதையே அடிம்மா.
அவன் தப்புன்னா நாமளும் தப்பு. அதான் கரெக்ட்டு."

அடித்தேன்.
பதினொரு தாளிலும் ராணிபட்.
மறுபடி சரிபார்த்தபோது
ஏழாவது தாளில் பழக்கதோஷத்தில் விரல்கள்
என் ஊரைச் சரியாக எழுதியிருந்தன.
அழித்தேன்.

அதே வாரம் டைம் ஆபீஸ் இம்தியாஸ்
ஓவர்டைம் பட்டியலோடு வந்தான்.
"உங்க கண்ணு ஒருவாட்டி பட்டா போதும் மேடம்.
கூட்டல் மட்டும் பாருங்க."
பச்சையம்மாள், டோக்கன் நானூற்றுப் பதினெட்டு:
மெஷினில் இரண்டு மணி நாற்பது நிமிடம்,
பட்டியலில் இரண்டு.
ஷமீம்: மூன்று ஐம்பத்தைந்து. மூன்று.
நூற்று முப்பத்தொரு பேருக்கும்
நிமிடத்தைக் கிள்ளி எறிந்திருந்தார்கள்,
வெண்டைக்காயின் காம்பைப் போல.
ஒரு ஜோடி இருபத்து மூன்று யூரோ எழுபத்தைந்து சென்ட்.
அந்த எழுபத்தைந்தை
நான் ஒருநாளும் விட்டதில்லை.

"கூட்டல் சரி" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.
கூட்டல் சரிதான்.

கையெழுத்திட்டேன்.
பிறகு ஓரத்தில், பென்சிலில், மெலிதாக,
உதிர்ந்த நிமிடங்களை மட்டும் வரிசையாய் எழுதி
அடியில் 4,210 என்று போட்டேன்.
யாருக்கு என்று கேட்டால் தெரியாது.
கை சும்மா இருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஹாம்பர்க் பணம் வந்தது.
ஆவணங்களில் ஒரு குறையுமில்லை என்று வங்கி எழுதியிருந்தது.
பெஞ்சமின் சார் எல்லோருக்கும் சமோசா வாங்கினார்,
எனக்கு இரண்டு.

பட்டியல் ஃபைலுக்குத் திரும்பியது.
ஓரம் வெள்ளை. யாரோ நன்றாகத் தேய்த்திருந்தார்கள்,
ரப்பர் துகள்கூட மடிப்பில் இருந்தது.
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.
பென்சில் அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது.
மேலிருந்து கீழே, நாக்கை அசைக்காமல்,
மறுபடி கூட்டினேன்.

4,220.

பத்து நிமிடம்
நான் விட்டிருக்கிறேன்.

பென்சிலை டிராயரில் வைத்துவிட்டு
பேனாவைத் திறந்தேன்.